ஷார்ட்டைப் பிடிக்க எது கைகொடுக்கும்: ஆல்கஹாலா, தெர்மல் கேமராவா, மில்லிவோல்ட்டா?

லேப்டாப் மதர்போர்டு ஒன்று மேஜைக்கு வருகிறது. சார்ஜரைச் செருகியதும் சார்ஜரின் விளக்கே அணைந்துவிடுகிறது. 19 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மீட்டர் 0.4 ஓம் காட்டுகிறது. ஷார்ட்தான், அதாவது கரண்ட் நேராகக் கிரவுண்டுக்குப் போகும் குறுக்குவழிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த லைனில் முப்பது நாற்பது செராமிக் கெபாசிட்டர்கள் இருக்கின்றன. எல்லாமே பேரலல், அதாவது ஒவ்வொன்றும் அதே லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இருப்பதால், எதில் மீட்டரை வைத்தாலும் அதே 0.4. எதைக் கழற்றுவது?

ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சால்டரை உருக்கும் ஹாட் ஏர் படப்பட, பாகம் ஒட்டியிருக்கும் செம்புப் பேட் பிய்ந்து வரும், நன்றாக இருந்த பாகமும் கெடும்.

வெளியிலிருந்து வோல்டேஜ் கொடுத்து, கெட்ட பாகத்தைச் சூடாக்கிக் காட்டிக்கொடுக்க வைப்பதே நல்லது. பெஞ்ச் பவர் சப்ளையில் 1 வோல்ட், கரண்ட் லிமிட் 3 ஆம்பியர். 19 வோல்ட் லைன்தானே என்று 19 வைத்துவிடாதீர்கள். 19 வோல்ட் லைனிலிருந்து சிபியுவுக்குச் சப்ளை தரும் சுவிட்சான மாஸ்ஃபெட் (ஹை-சைட் மாஸ்ஃபெட்) ஷார்ட் ஆகியிருந்தால் அத்தனையும் நேராக சிபியுவுக்குள் போய்விடும். 0.4 ஓமில் 1 வோல்ட் என்றால் 2.5 ஆம்பியர், அதாவது 2.5 வாட். அரிசி மணியைவிடச் சின்ன கெபாசிட்டருக்கு அது பெரிய சூடு.

அந்தச் சூட்டைப் பார்க்க இரண்டு வழி. ஒன்று, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பிரஷ்ஷால் போர்டு முழுக்கத் தடவிவிட்டு சப்ளையை ஆன் செய்வது. ஈரத்தின் பளபளப்பு ஓரிடத்தில் மட்டும் வட்டமாக உள்வாங்கி, நடுவில் ஒரு கெபாசிட்டர் காய்ந்து நிற்கும். செலவு மிகக் குறைவு. தீப்பற்றும் திரவம் என்பதால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், சால்டரிங் அயர்னைத் தள்ளி வையுங்கள். ஷீல்டு என்ற உலோக மூடிக்கு அடியில் இருக்கும் பாகத்துக்கு இது உதவாது.

இன்னொன்று தெர்மல் கேமரா. லேசாகச் சூடாகும் கசிவுகளில் ஆல்கஹால் தோற்கும், கேமரா ஜெயிக்கும். போனில் செருகும் சின்ன மாடல்களே இதற்குப் போதும். பளபளப்பான சால்டரும் உலோக மூடிகளும் கேமராவை ஏமாற்றும், நம் கையின் சூட்டையே கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும். அதனால் சப்ளையை ஆன், ஆஃப் செய்து எந்தப் புள்ளி கூடவே மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

சரி, ஷார்ட் 0.01 ஓம் என்றால்? 3 ஆம்பியர் ஓடினாலும் அங்கே 0.09 வாட்தான் விழும். அந்தச் சூட்டைப் போர்டின் செம்பே இழுத்துப் பரப்பிவிடும், நம் வயர்தான் அதிகம் சுடும். ஆல்கஹால் கைவிரிக்கும், கேமராவும் திணறும். இங்கேதான் பலரும் மறந்துவிடுகிற சாதாரண மல்டிமீட்டர் வருகிறது. ஓம் ரேஞ்சில் அது 0.1க்குக் கீழே எதையும் பிரித்துக் காட்டாது, புரோப் வயரின் ரெசிஸ்டன்ஸே அவ்வளவு இருக்கும். 200 மில்லிவோல்ட் ரேஞ்சுக்கு மாற்றுங்கள். கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கெபாசிட்டரின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். ஷார்ட்டை நெருங்க நெருங்க 41.3, 37.8, 33.0 என்று இறங்கிக்கொண்டே போகும். எது எல்லாவற்றிலும் குறைவாகக் காட்டுகிறதோ, ஷார்ட் அதில் அல்லது அதை ஒட்டி இருக்கிறது. 35 மைக்ரான் செம்புத் தடத்தில் அதன் அகலமளவு நீளத்துக்குச் சுமார் அரை மில்லிஓம் இருக்கும். அதில் 3 ஆம்பியர் ஓடினால் 1.5 மில்லிவோல்ட், மீட்டருக்கு அது தாராளம்.

ஆகவே காசு குறைவாக இருந்தால் முதலில் பவர் சப்ளை வாங்குங்கள், கேமரா அப்புறம் பார்க்கலாம். தினமும் பத்துப் போர்டு பார்க்கும் கடைக்கு மட்டும் நேரமே பணம், அங்கே கேமரா அவசியம்.

சிபியு, ஜிபியு சிப்புகளுக்கே நேராகச் சப்ளை தரும் கோர் லைனில் மட்டும் அவசரப்படாதீர்கள். நல்ல சிப்பிலேயே அங்கே ஓரிரு ஓம்தான் இருக்கும், சிலவற்றில் அதற்கும் கீழே. இணைப்பு இருந்தால் ஒலிக்கும் கண்டின்யூட்டி ரேஞ்சில் மீட்டர் பீப் அடிக்கும். வோல்டேஜ் கொடுத்தால் சிப்பும் சூடாகும், ஆல்கஹாலும் காயும். அதை ஷார்ட் என்று நினைத்து நல்ல சிப்பைக் கழற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதே மாடலின் நல்ல போர்டு ஒன்றில் அந்த லைனை அளந்துவிட்டு மேற்கொண்டு போங்கள்.