ஃபர்ஸ்ட் ஃபார்ம் லத்தீன்: எதை வாங்கலாம், எங்கே சிக்கும்

இலக்கணத்துக்கு அருமையான பாடத்திட்டம், வாசிப்புக்கு ஏமாற்றம். மெமோரியா பிரஸ்ஸின் ஃபர்ஸ்ட் ஃபார்ம் லத்தீனை இந்த இரண்டும் தெரிந்தே வாங்க வேண்டும். கென்டக்கி மாநில லூயிவில்லில் உள்ள இந்தப் பதிப்பகத்தைத் தொடங்கிய ஷெரில் லோவே எழுதிய தொடர் இது. இலக்கணம், தர்க்கம், சொல்லாட்சி என்ற மூன்று கலைகளில் முதலாவதை லத்தீன் வழியாகவே பயிற்றுவிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அமெரிக்காவில் கிளாசிக்கல் முறையில் வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களிடையே பரவலாகப் புழங்குகிறது.

மொத்தம் 34 பாடங்கள். வாரத்துக்கு ஒன்று என்று போனால் ஒரு கல்வியாண்டு. மாணவர் புத்தகத்தில் ஒரு பாடத்துக்கு எதிரெதிராக இரண்டே பக்கம்தான்: ஒரு முதுமொழி, ஒரு வாய்பாடு (சொல்லின் விகுதிகள் மாறும் விதத்தைக் காட்டும் அட்டவணை), கொஞ்சம் சொற்கள். முதல் இரண்டு வினை வகைகளின் ஆறு காலங்கள், பெயர்ச்சொல்லின் ஐந்து வகைகள், முதல் நிலைப் பெயரடைகள் எல்லாம் வந்துவிடும். ஆனால் ஆண்டு முழுக்கக் கற்கும் சொற்கள் 200-ஐத் தாண்டாது. அந்தக் கஞ்சத்தனம் வேண்டுமென்றே செய்தது; சொற்களைக் குறைத்தால்தான் வாய்பாடு நாக்கில் நிற்கும்.

தனித்தனியாக வாங்குபவர்கள் மாணவர் புத்தகம், பயிற்சி நூல், ஆசிரியர் கையேடு, விடை நூல், தேர்வுத்தாள்கள் ஆகிய ஐந்தையும் விடாதீர்கள். கையேட்டில் விடைகள் இருக்கும் என்று நம்பி விடை நூலை விட்டால் திருத்தும்போது திண்டாட்டம். லத்தீன் தெரியாத பெற்றோருக்குக் காணொளி வகுப்பும் அவசியம். சொல் அட்டைகளை மட்டும் வீட்டிலேயே எழுதிக்கொள்ளலாம். எழுதுவதே பாதிப் படிப்பு.

நாள்தோறும் 10 நிமிடம் உரக்க ஒப்புவித்தல்தான் இதன் உயிர். முதல் நாள் புதுப்பாடம், அடுத்த மூன்று நாள் பயிற்சி நூல், ஐந்தாம் நாள் சிறுதேர்வு என்று பிரித்தால் சரியாக இருக்கும். ஒப்புவித்தலை விட்டுவிட்டுப் பயிற்சி நூலை மட்டும் நிரப்பும் பிள்ளை, மாணவர் புத்தகத்து வாய்பாட்டைப் பார்த்து எழுதிப் பக்கத்தை முடித்துவிடும், தேர்வில்தான் சாயம் வெளுக்கும்.

முதலில் வழுக்கும் இடம் முற்றுக் காலங்கள். அமாவெருன்ட் என்றால் நேசித்தார்கள், அமாவெரன்ட் என்றால் முன்பே நேசித்திருந்தார்கள், அமாவெரின்ட் என்றால் நேசித்திருப்பார்கள். ஓர் உயிரெழுத்தில் காலமே மாறுகிறது. மூன்றையும் ஒரே வாரத்தில் திணிக்காமல், ஒன்று உறைந்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். வினையின் நான்கு முதன்மை வடிவங்களையும் (அமோ, அமாரே, அமாவி, அமாத்துஸ்) முதல் நாளிலிருந்தே சேர்த்தே ஒப்புவிக்கச் சொல்லுங்கள். 'அமோ' மட்டும் போதும் என்று விட்டால், தோ, தாரே, தேதி, தாத்துஸ் போன்ற ஒழுங்கற்றவை வரும்போது வண்டி நின்றுவிடும். மூன்றாம் வகைப் பெயர்ச்சொல்லிலும் இதே கதை: ரெக்ஸ் (அரசன்) என்று மட்டும் படித்தவருக்கு ரேஜிஸ் (அரசனுடைய) எங்கிருந்து வந்தது என்று புரியாது. அடிச்சொல் ஒளிந்திருப்பது உடைமை வேற்றுமையில் (நம் ஆறாம் வேற்றுமை).

தமிழ் வீடுகளுக்கு ஒரு வசதி உண்டு. வினை விகுதியிலேயே எழுவாய் அடங்கும் மொழி நமக்குப் பழக்கம். 'அமோ' என்பதை 'நேசிக்கிறேன்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். வேற்றுமை உருபும் புதிதல்ல. (வீரமாமுனிவர் இதன் எதிர்த்திசையில் போனவர், கொடுந்தமிழுக்கு லத்தீனில் அவர் எழுதிய இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது.) ஆனால் நம் எண் வரிசையை அப்படியே ஏற்றாதீர்கள். இந்த நூல் எழுவாய்க்கு அடுத்து உடைமை, பிறகு கொடை, செயப்படுபொருள், கடைசியில் அப்லேட்டிவ் என்று அடுக்குகிறது. அந்த அப்லேட்டிவ் நம் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளின் வேலைகளை ஒன்றாகப் பார்க்கும். பெயரடை பெயருக்கேற்ப மாறுவதும், மேசைக்குக்கூடப் பெண்பால் இருப்பதும் தமிழ்ப் பிள்ளைக்கு உறுத்தும். அங்கே கூடுதல் பயிற்சி கொடுங்கள்.

உச்சரிப்பு திருச்சபை முறை: எ, இ ஒலிகளுக்கு முன் வரும் ஸி (C) எழுத்து 'ச்ச' ஆகும். பல்கலைக்கழகங்களில் பரவலாக உள்ள பழைய ரோமானிய முறையில் அது 'க' ஒலியாகவே இருக்கும். இரண்டையும் கலக்கும் இணையக் காணொளிகளைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

பெரிய குறை, தொடர்ந்து படிக்க ஒரு பத்திகூட இல்லை என்பதுதான். தனி வாக்கியங்களை மொழிபெயர்த்தே ஆண்டு ஓடிவிடும். இரண்டாம் பருவத்திலிருந்து டேனிஷ் ஆசிரியர் ஓர்பெர்க் எழுதிய லிங்குவா லத்தீனாவில் வாரம் ஒரு பக்கம் சேர்த்தால் இந்த வறட்சி குறையும். ஜெபங்களை எதிர்பார்த்து வாங்குபவர்களுக்கும் இது பொருந்தாது. அதற்கு அதே பதிப்பகத்தின் பிரீமா லத்தீனா இருக்கிறது. 25 பாடங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை முன்பயிற்சி இல்லாமல் நேரடியாக ஃபர்ஸ்ட் ஃபார்மில் இறங்கலாம். எட்டு, ஒன்பது வயதென்றால் முதலில் அதே பதிப்பகத்தின் தொடக்கப் பாடநூலான லத்தீனா கிறிஸ்தியானா ஓராண்டு போகட்டும்.