லாபிஸ் தோட்டப்புறத்தில் வெள்ள உதவி: பெயர் எழுதும் மேசையில்தான் எல்லாம்

வெள்ளத் தண்ணீர் வடிந்த மறுநாள், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் லாபிஸ், சாஆ பக்கத் தோட்டங்களில் எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: "ஆயிரம் வெள்ளி எப்போ வரும்?" வாங் இசான் என்று சொல்லப்படும் இந்த அரசு வெள்ள உதவி, குடும்பத் தலைவருக்கு 1,000 ரிங்கிட். 2021 வெள்ளத்துக்கு முன்பு 500ஆக இருந்தது. பணம் நட்மா என்ற தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனத்துடையது, பட்டியலைச் சரிபார்ப்பது மாவட்ட அலுவலகம், பெயர் எழுதுவது நிவாரண மையத்தில் உட்கார்ந்திருக்கும் ஜேகேஎம் (சமூக நல இலாகா) ஊழியர். இந்த மூன்றில் பெயர் எழுதும் வேலை நன்றாக நடக்கிறது. சிக்கல் எல்லாம் அந்த மேசைக்கு வராதவர்களுக்குத்தான்.

மையத்துக்குப் போனால் குடும்பத் தலைவரின் மைகார்டு என்ற அடையாள அட்டை, கூட இருப்பவர்களின் அடையாள அட்டை எண்கள், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், இவ்வளவுதான் கேட்பார்கள். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடு ஒன்றில் அப்பா அம்மாவும், கல்யாணமான மகன் குடும்பமும் இருந்தால், இரண்டு குடும்பம் என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒரே பெயருக்குக் கீழ் எழுதிவிட்டால் ஒரே ஆயிரம்தான். பிறகு மாற்றச் சொல்லி அலைவது பெரும்பாடு. எழுதிய பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மையத்துக்கு வராமல் டவுனில் அக்கா வீட்டில் தங்கியவர்களுக்கும் உதவி உண்டு. ஆனால் வீட்டில் தண்ணீர் ஏறியதை யாராவது உறுதிப்படுத்த வேண்டும். கம்பத்தில், அதாவது கிராமத்தில், அதைக் கம்பத்துத் தலைவர் செய்வார். தோட்டம் தனியார் நிலம், அங்கே அப்படி ஒருவர் இருப்பதில்லை. கரண்ட் பில்லும் தொழிலாளியின் பெயரில் வருவதில்லை, சம்பளத்தில் பிடித்துவிடுகிறார்கள். அடையாள அட்டையிலோ எப்போதோ விற்றுப்போன பழைய தோட்டத்தின் முகவரி. இந்த மூன்றும் சேர்ந்தால் நேர்மையான ஆளின் பெயரும் பட்டியலில் நிற்காது. வீட்டு எண் குறிப்பிட்ட மேனேஜர் கடிதம், பிடித்தம் தெரியும் சம்பளச் சீட்டு, சுவரில் தண்ணீர்க் கோடு தெரியும் படம், மூன்றையும் வட்டாரத் தலைவரான பெங்குலுவிடம் கொடுங்கள். தோட்டத்து ஆட்களுக்கென்று ஒரு வழி எழுதி வைத்திருக்க வேண்டும். அது இல்லாததுதான் சேவையின் பெரிய குறை.

பணம் வங்கிக் கணக்குக்கு வரும்போது இன்னொரு தடை. ஒரு வருடம் கை வைக்காத கணக்கு முடங்கிப் போயிருக்கும். மகன் கணக்கைக் கொடுத்தால் பெயர் பொருந்தாது. கணக்குப் புத்தகத்தில் உள்ள பெயரும் மைகார்டில் உள்ள பெயரும் ஒன்றா என்று மழைக்காலத்துக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

வீட்டுச் சேதம் வேறு கணக்கு. லயத்து வீடு முதலாளியுடையது. தொழிலாளர் குடியிருப்புத் தரம் பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டப்படி அதைப் பழுதுபார்த்துக் கொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை. கூரை, கதவு, வயரிங் என்று எழுதி, படத்தோடு ஆபீசில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச் சொல் நிற்காது.

சுத்தம் செய்வதில்தான் அரசு உதவி மெலிந்து போகிறது. பொம்பா (தீயணைப்பு) வண்டி பள்ளிக்கும் சாலைக்கும் முதலில் போகும், லயத்துக்கு எப்போது வரும் என்று காத்திருக்க முடியாது. சேறு ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும். ஒரு நாள் வெயில் பட்டால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். முதலில் சோப்புத் தண்ணீர், அதன் பிறகு குளோரோக்ஸ் ப்ளீச். பத்து லிட்டர் வாளிக்கு அரைக் கப் போதும். சேற்றின் மேல் நேராக ஊற்றினால் அழுக்கே அதன் வேகத்தைத் தின்றுவிடும், கிருமி சாகாது. கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு மட்டும் கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். நனைந்த மெத்தையைக் காயவைத்துப் பயனில்லை, படம் எடுத்துவிட்டு வீசிவிடுங்கள்.

பிளக் வரை தண்ணீர் ஏறியிருந்தால் மெயின் சுவிட்சைத் தொட வேண்டாம், வயர்மேன் பார்க்கட்டும். கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் இஎல்சிபி சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தால் எங்கோ கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். அதைக் கட்டிவைத்து ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. முங்கிய மோட்டார் சைக்கிளையும் உதைத்துப் பார்க்காதீர்கள். எண்ணெய் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உள்ளே இருக்கும் தண்ணீரையும் பழைய எண்ணெயையும் வெளியேற்றி, புது எண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு, மறுபடியும் மாற்றுங்கள். காருக்கு முதல் தரக் காப்புறுதி இருந்தாலும், வெள்ளத்துக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருந்தால்தான் இழப்பீடு கிடைக்கும்.

அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் தண்ணீரோடு போயிருந்தால் ஜேபிஎன் என்ற தேசியப் பதிவு இலாகாவுக்குப் போங்கள். அவர்களின் நடமாடும் குழு மையத்துக்கே வரும்போது அங்கேயே முடித்துவிடுவது சுலபம்.

சேறு அள்ளும்போது பூட்ஸ், கையுறை கட்டாயம். வெள்ளத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், காலில் சின்னக் கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் உள்ளே புகும். இரண்டு வாரம் கழித்துக்கூடக் காய்ச்சல் வரலாம். கெண்டைக்கால் வலியோடு வந்தால் பனடோல் போட்டுப் படுக்காமல் கிளினிக்குக்குப் போய், வெள்ளத்தில் நடந்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.