ஆன்கி: சொல்வளத்துக்குக் கெட்டியான கருவி, கார்டை மட்டும் நீங்களே போடுங்கள்

ஆன்கி, ஆங்கிலச் சொற்களை மனதில் நிறுத்த உதவும் இலவச ஃப்ளாஷ்கார்டு (முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை) மென்பொருள். ஐபோன் செயலிக்கு மட்டும் காசு. தோற்றம் சுமார்தான். ஆனால் மறக்கப்போகிற நேரம் பார்த்துச் சொல்லைத் திரும்பக் காட்டுவதில் கெட்டி.

ரெடிமேட் தொகுப்புகளை இறக்காதீர்கள். முன்பக்கம் ஆங்கிலச் சொல், பின்பக்கம் தமிழ்ப் பொருள் என்றிருக்கும் கார்டு, படிக்கும்போது கைகொடுக்கும்; எழுத உட்கார்ந்தால் அந்தச் சொல் வராது. 'க்ளோஸ்' (cloze, கோடிட்ட இடத்தை நிரப்பும்) வகையைத் தேர்ந்தெடுத்து, வாக்கியத்துக்குள் சொல்லை மறையுங்கள்: 'ஹி ____ ஹோம் த்ரூ த மட்'. கூடவே 'களைத்துப்போய், காலை இழுத்து இழுத்து' என்று குறிப்புப் போட்டால்தான் 'வாக்ட்' விலகி 'ட்ரட்ஜ்ட்' வரும். குறிப்பு இல்லாவிட்டால் நாலைந்து சொல் பொருந்தும், விடை சரியா தப்பா என்றே தெரியாது.

தொடக்க அமைப்பில் நாளுக்கு 20 புதிய கார்டுகள். அதை 5 ஆக்குங்கள். இல்லாவிட்டால் சில வாரங்களில் தினசரி மறுபார்வை நூறைத் தாண்டும், பிறகு செயலியைத் திறக்கவே மனம் வராது. விடை பார்த்தபின், மறந்த சொல்லுக்கு 'ஹார்ட்' பொத்தானை அழுத்துவது பலர் செய்யும் தப்பு. அது நினைவிருந்ததாகவே கணக்காகி, அடுத்த முறை காட்டும் வரையிலான இடைவெளி நீளும். மறந்தால் 'அகெய்ன்' மட்டும்தான்.

உச்சரிப்புக்கு ஒலிக்கோப்பும் சேர்க்கலாம். கைவேலை கொஞ்சம் அதிகம்.