வேலை சுத்தம், பில்லு தான் இடிக்குது: ஒரு அமெரிக்க வக்கீல் ஆபீஸ் ரிவ்யூ

அஞ்சுக்கு மூணரை. கேஸ் இன்னும் ஓடுது, அதனால ஆபீஸ் பேரு போடல.

ஆத்தங்குடி டைல்ஸ் ஏத்துமதி பண்ற எங்க கம்பெனிக்கு நியூயார்க் பார்ட்டி பாக்கி வச்சுட்டாரு, சரக்கு இறங்கி தரையில ஒட்டினதுக்கப்புறம் கலர் சரியில்லைங்கறாரு, கண்ணாடி மேல கையால கலர் ஊத்திப் பண்ற கல்லு ஒண்ணு போல ஒண்ணு எப்படிய்யா இருக்கும். சரி அத விடுங்க. தொகை 75,000 டாலரத் தாண்டுது, ஒரு பக்கம் வெளிநாட்டுக் கம்பெனி, அதனால ஃபெடரல் கோர்ட்லயே, அதாவது மத்திய அரசு கோர்ட்லயே போடலாம்னாங்க. கம்பெனின்னா அங்க வக்கீல் இல்லாம நிக்கவே முடியாது. தேவகோட்டை மச்சான் கைகாட்டின ஆபீஸ் சிகாகோவுல, கேஸ் நியூயார்க் தெற்கு மாவட்ட கோர்ட்ல.

நம்மூர்ல பார் கவுன்சில்ல பதிஞ்ச வக்கீல் மதுரை பெஞ்ச்லயும் நிப்பாரு, டெல்லியிலயும் நிப்பாரு, 2011ல இருந்து அது சட்டப்படியே உரிமை. அங்க அப்படி இல்ல, வெளி மாநில வக்கீல்னா இந்த ஒரு கேஸுக்கு மட்டும்னு கோர்ட்டுகிட்ட அனுமதி வாங்கணும், ப்ரோ ஹாக் வைஸ்னு சொல்றாங்க. அனுமதிக்கறது கோர்ட் இஷ்டம், அரசியல் சாசன உரிமைன்னு கேட்டு வாங்க முடியாதுன்னு அவங்க சுப்ரீம் கோர்ட் 1979லயே சொல்லியாச்சு. இதையெல்லாம் அந்த ஆபீஸ் ஜூனியர் பொண்ணு எங்க அப்பச்சிக்கே புரியற மாதிரி பொறுமையா சொல்லுச்சு, ஒரு ஸ்டார் முழுசா அதுக்கே.

இப்ப குறைக்கு வரேன். அந்த அனுமதி மனுவோட, வக்கீல் பதிஞ்ச மாநிலத்துல இருந்து நல்ல நிலையில இருக்காருன்னு ஒரு சர்டிபிகேட் வைக்கணும், அது 30 நாளுக்குள்ள வாங்கினதா இருக்கணும், கூடவே தண்டனை, சஸ்பென்ஷன் எதுவும் இல்லன்னு பிரமாணப் பத்திரம், 200 டாலர் ஃபீஸ். இவங்க வச்சது பழைய சர்டிபிகேட். மனு குறையுள்ளதுன்னு கோர்ட் ஆபீஸ் திருப்பிருச்சு. அத வக்கீல் ஆபீஸ் எங்ககிட்ட சொல்லவே இல்ல, கேஸ் காகிதமெல்லாம் பாக்க பேசர்னு கோர்ட்டோட சைட் இருக்கு, பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு டாக்குமெண்டுக்கு 3 டாலருக்கு மேல போகாது, மூணு மாசத்துல 30 டாலருக்குள்ள பாத்தா காசே இல்ல, நானே அக்கவுண்ட் ஆரம்பிச்சு பாத்துட்டு இருந்ததால தான் கண்ணுல பட்டுச்சு.

அடுத்து வந்த பில்லுல அந்த மனுவ ரெண்டாவது தடவ போட்டதுக்கும் நேரக் கணக்கு! அவங்க ஒரு மணி நேரத்த பத்தா வெட்டி, ஆறு நிமிஷம் ஆறு நிமிஷமா போடுவாங்க, மெயில் படிச்சதுக்கும் 0.1. வட்டிக் கணக்கு பாத்தே வளந்த ஊர்க்காரன்கிட்ட இது செல்லுமா, ஒவ்வொரு வரியா மார்க் பண்ணி அனுப்பினேன். சண்டையெல்லாம் இல்ல, ரெண்டாவது மனு வரிய அடிச்சுட்டு புது பில் வந்துச்சு. 200 டாலர் மட்டும் எங்க தலையில தான்.

அனுமதி கிடைச்சதுக்கப்புறம் குறை சொல்ல ஒண்ணும் இல்ல, எதிர்த்தரப்பு பதில் வந்த அன்னைக்கே நமக்கு காப்பி வந்துருது. காரைக்குடி பக்கம் இருந்து யாராச்சும் இந்த மாதிரி வெளி மாநில வக்கீல வைக்கறதா இருந்தா, ஒப்பந்தத்துல கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே அனுமதி ஃபீஸ் யாரு கட்டறது, அந்த மனு எழுதற நேரத்துக்கு பில் உண்டான்னு மெயில்ல எழுதி வாங்கிக்கங்க. சிகாகோவுக்கு போன் பண்றதுன்னா அவங்க குளிர்காலத்துல நம்ம டைம் ராத்திரி எட்டரைக்கு மேல, கோடையில ஏழரைக்கு மேல பண்ணுங்க, அப்பத் தான் அங்க காலைல ஒன்பது மணி.