பெண் எலிகளின் குடி: சூலகத்தை அகற்றுவதா, சுழற்சியைப் பின்தொடர்வதா?

உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால், பெண் எலிகள் பெரும்பாலும் ஆண் எலிகளைவிட அதிகமாக மது குடிக்கின்றன. இதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் பங்கை அறிய எந்த வழி: அதைச் சுரக்கும் சூலகத்தை அகற்றுவதா, அதன் அளவு ஏறி இறங்கும் இனப்பெருக்கச் சுழற்சியைப் பின்தொடர்வதா?

உழைப்பு:
அகற்றினால், ஓர் அறுவை சிகிச்சை, ஆறும்வரை காத்திருப்பு.
பின்தொடர்ந்தால், சுழற்சியின் எந்தக் கட்டம் என்றறிய தினமும் யோனிச் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சுழற்சியே 4–5 நாள்தான்; ஒரு நாள் விட்டாலும் கட்டம் நழுவிவிடும்.

தெளிவு:
அகற்றியபின் எஸ்ட்ரடயோலை (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை) மட்டும் திருப்பிக் கொடுத்து, வெறும் எண்ணெய் ஊசி பெற்ற எலிகளோடு ஒப்பிடலாம். இது பெரிய பலம்.
சுழற்சியில் புரோஜெஸ்டிரோன் என்ற மற்றொரு ஹார்மோனும் சேர்ந்து ஏறி இறங்கும். தினமும் பிடித்துக் கையாளும் பதற்றமே குடியை மாற்றவும் கூடும்.

இயல்பு: இதில் சுழற்சிதான் முந்துகிறது.

காரணத்தைத் தேடுவோர் அகற்றலைத் தேர்ந்தெடுங்கள். இயல்பான ஏற்ற இறக்கம் வேண்டுவோர் சுழற்சியை. ஆண்–பெண் வித்தியாசம் மட்டும் போதுமென்றால் இரண்டுமே தேவையில்லை.