கமிஷனா, சம பங்கா, புள்ளிக் கணக்கா? மலையில் ஆன்லைன் மார்க்கெட்டிங் பயிற்சிக் குழு தொடங்குவோருக்கு

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் ஆன்லைன் மார்க்கெட்டிங் தெரிந்தவர்கள் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் வேலை செய்கிறார்கள். ஒருவர் ஹோம்ஸ்டேக்களுக்கு இன்ஸ்டாகிராம் விளம்பரம் போடுவார், இன்னொருவர் சாக்லேட் கடைக்கு வெப்சைட் பார்த்துக்கொள்வார், மற்றொருவர் தேயிலைத்தூளையும் தைலத்தையும் ஆன்லைனில் விற்றுக் கொடுப்பார். இப்படி ஐந்தாறு பேர் சேர்ந்து பயிற்சி நடத்தி, வரும் லாபத்தைப் பிரித்துக்கொள்வது நல்ல யோசனை. ஆனால் பாடத்திட்டத்தைப் பற்றி வாரக்கணக்கில் பேசுகிறவர்கள், பணத்தை எப்படிப் பிரிப்பது என்று வந்ததும் "அது அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். குழு உடைவது அந்த இடத்தில்தான்.

பிரிக்கும் முறைகள் மூன்று. மூன்றையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்ப்போம். குழுவில் ஆறு பேர். பயிற்சிக் கட்டணம் 6,000 ரூபாய், ஒரு மாதத்தில் 30 மாணவர்கள், வரவு 1,80,000. விளம்பரத்துக்கு 36,000. பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் கட்டணம் வசூலித்துத் தரும் சேவை) 2 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்து 4,248. இரண்டு பேர் விலகினால் திருப்பித் தருவது 12,000. சாஃப்ட்வேர் சந்தா, இன்டர்நெட், இதர செலவு 9,752. ஆக, செலவு 62,000, மிச்சம் 1,18,000. அதில் 18,000-ஐக் கையிருப்பில் வைத்தால் பிரிக்க நிற்பது ஒரு லட்சம்.

ஆள் சேர்த்தால் கமிஷன்

மாணவரைக் கொண்டுவந்தவருக்குக் கட்டணத்தில் 30 சதவீதம் என்பது பலரும் முதலில் எடுக்கும் முடிவு. ஒரு மாணவருக்கு 1,800, முப்பது பேருக்கு 54,000. ஒரு லட்சமாக இருந்த தொகை 46,000 ஆகச் சுருங்கிவிடும். பாடம் எடுத்தவர், வீட்டுப்பாடம் திருத்தியவர், இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் சந்தேகம் தீர்த்தவர் எல்லோரும் அதற்குள்தான் பங்கு பார்க்க வேண்டும். மூன்றே மாதத்தில் குழுவில் எல்லோரும் ஆள் பிடிப்பார்கள், பாடம் நடத்த ஆள் இருக்காது. முந்தைய பேட்ச் மாணவர்கள் தங்கள் ஊரில் நல்ல வார்த்தை சொல்வதும் அத்தோடு நின்றுபோகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து சட்டத்தில் இருக்கிறது. "நீங்கள் சேர்த்தவர் இன்னொருவரைச் சேர்த்தால் அதிலும் உங்களுக்குப் பங்கு" என்று ஒரு வரி வந்துவிட்டால், பயிற்சிக் குழு சங்கிலித் திட்டமாகிவிடும். 1978-ஆம் ஆண்டின் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டமும் 2021-இன் நேரடி விற்பனை விதிகளும் இதற்கு எதிராகவே இருக்கின்றன. சேரும் கட்டணத்தையே பழைய உறுப்பினர்களுக்கு லாபமாகப் பிரித்துக் கொடுத்தாலும் இதே கதிதான். மலையில் சின்ன சின்ன ஊர்கள். ஒரு குடும்பம் ஏமாந்தாலும் அந்தப் பெயர் கூடலூர் வரை போய்ச் சேரும்.

கமிஷன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு படி மட்டும், 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். பணம் திருப்பிக் கேட்கும் அவகாசம் முடிந்த பிறகே கொடுங்கள். 14 நாள் அவகாசம் தருகிறீர்கள் என்றால் 15-ஆம் நாளுக்கு முன் யாருக்கும் கமிஷன் போகக் கூடாது. முன்கூட்டியே கொடுத்துவிட்டு, மாணவர் விலகிய பிறகு அந்தத் தொகையைத் திரும்பக் கேட்கும் பேச்சு யாருக்கும் நல்லதல்ல.

எல்லோருக்கும் சமம்

ஒரு லட்சத்தை ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 16,667. கணக்கு எழுதும் வேலையே இல்லை. எல்லோரும் ஒரே அளவு நேரம் தரும் இரண்டு, மூன்று பேர் குழுவுக்கு இது போதும், வேறு எதையும் தேடவும் வேண்டாம். ஆறு பேர் ஆனதும் சிக்கல் ஆரம்பிக்கும். ஏப்ரல், மே சீசனில் ஹோம்ஸ்டேயோ கடையோ வைத்திருக்கும் உறுப்பினர் வகுப்புப் பக்கமே வர முடியாது. அது அவர் குற்றமில்லை, வருஷத்துச் சம்பாத்தியமே அந்த இரண்டு மாதத்தில்தான். ஆனால் அவருக்கும் அதே 16,667 போகும்போது, 24 மணி நேரம் வகுப்பெடுத்தவர் ஜூன் மாதம் வேறு வேலை பார்க்கத் தொடங்கிவிடுவார்.

புள்ளிக் கணக்கு

எங்கள் தேர்வு இதுதான். பச்சைத் தேயிலை கொடுக்கும் சிறு விவசாயிக்குப் பழக்கமான ஏற்பாடு: இலையை அன்றன்றைக்கு எடை போட்டு எழுதிக்கொள்கிறார்கள், விலை மாதம் முடிந்துதான் தீர்மானமாகிறது. இங்கே எடைக்குப் பதில் புள்ளி. ஒரு மணி நேர நேரடி வகுப்புக்கு 4 புள்ளி, பதிவு செய்த ஒரு பாடத்துக்கு 6, பத்து மாணவர்களின் பயிற்சித்தாள் திருத்த 3, ஒரு வாரம் விளம்பரக் கணக்கைக் கவனிக்க 5, ஒரு வாரம் வாட்ஸ்அப் பொறுப்புக்கு 4. மாதக் கடைசியில் எல்லோர் புள்ளியும் சேர்ந்து 400 என்றால், ஒரு புள்ளி 250 ரூபாய். 12 வகுப்பு, 4 பதிவு, 2 வாரம் வாட்ஸ்அப் பார்த்தவருக்கு 80 புள்ளி, 20,000 ரூபாய். சீசனில் வராதவருக்குப் புள்ளி குறையும், யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை.

இது கெட்டுப்போகும் வழிகளும் உண்டு. பதிவுப் பாடத்துக்கு நிமிடக் கணக்கில் புள்ளி கொடுத்தால், 8 நிமிடத்தில் முடிய வேண்டிய பாடம் 40 நிமிடம் இழுக்கும். பாடம் ஒன்றுக்கு இவ்வளவு என்றே வையுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் எல்லோர் நினைவும் தங்கள் பக்கமே சாயும். ஆகவே கூகுள் ஷீட்டில் ஏழு பத்திகள் போதும்: தேதி, பெயர், வேலை, நேரம், புள்ளி, ஆதார லிங்க், சரிபார்த்தவர். சரிபார்த்தவர் பத்தியில் தன் பெயரைத் தானே போடக் கூடாது. வேலை முடிந்து 48 மணி நேரத்துக்குள் எழுதாததற்குப் புள்ளி இல்லை. 28-ஆம் தேதி இரவு ஷீட்டைப் பூட்டிவிடுங்கள், அதற்குப் பிறகு செய்த வேலை அடுத்த மாதக் கணக்கில் வரட்டும். புள்ளி விகிதத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் மாற்ற வேண்டும், அதுவும் மாதம் தொடங்கும் முன்பு.

மலைக்கென்று ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி பக்கம் மரம் விழுந்தால் கரண்டும் ஃபைபரும் சேர்ந்தே போகும். பாதியில் நின்ற வகுப்பை மறுபடி நடத்தினால் புள்ளி ஒருமுறைதான். அப்படி நிற்காமலிருக்க, வகுப்பெடுப்பவர் வீட்டில் 12 வோல்ட் ரவுட்டருக்கான மினி யூபிஎஸ் ஒன்றும், வேறு கம்பெனி சிம் போட்ட இன்னொரு போனும் இருக்க வேண்டும். இந்தச் செலவைக் குழுவே ஏற்கட்டும்.

எந்தப் பெயரில் பதிவு செய்வது

சங்கமாகப் பதிவு செய்யலாமா என்று பலர் கேட்பார்கள். 1975-ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின் கீழ் உறுப்பினர்களுக்குள் லாபம் பிரிக்க முடியாது, எனவே அதை விட்டுவிடலாம். உற்பத்தியாளர் கம்பெனி விவசாயிகள், கைவினைஞர்கள் போன்றோருக்கானது. லாபம் பிரிக்கும் சிறு குழுவுக்கு எளிதானவை பார்ட்னர்ஷிப்பும், பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு வைக்கும் எல்எல்பியும்.

1932-ஆம் ஆண்டுச் சட்டப்படியான பார்ட்னர்ஷிப் மலிவு, எளிது. 50 பேர் வரை சேரலாம். பத்திரம் எழுதிப் பதிவும் செய்துவிடுங்கள். பதிவாகாத நிறுவனம், பணம் தராத வாடிக்கையாளர்மேல் ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது. பார்ட்னர்ஷிப்பின் பெரிய குறை, குழுவின் கடன் ஒவ்வொருவர் சொந்தச் சொத்தையும் தொடும் என்பது. விளம்பரத்துக்கு மாதம் 36,000 கடன் அட்டையில் போகிற குழுவுக்கு இது சின்ன விஷயமல்ல. எல்எல்பியில் பொறுப்பு போட்ட முதலோடு நிற்கும், ஆனால் வருஷா வருஷம் மே 30-க்குள் ஒரு படிவம், அக்டோபர் 30-க்குள் இன்னொன்று தாக்கல் செய்தாக வேண்டும். தாமதித்தால் அபராதம் ஏறிக்கொண்டே போகும். விற்றுமுதல் 40 லட்சத்தையோ முதலீடு 25 லட்சத்தையோ தாண்டினால் தணிக்கையும் கட்டாயம். முதல் வருஷம் பார்ட்னர்ஷிப், வரவு நிலைத்ததும் எல்எல்பி என்பதே எங்கள் யோசனை.

வரி இரண்டுக்கும் ஒன்றுதான்: லாபத்தில் 30 சதவீதமும் அந்த வரியின்மேல் போடும் செஸ்ஸும் (கூடுதல் வரி), அதாவது 31.2. ஆனால் உழைக்கும் பங்குதாரருக்குத் தரும் ஊதியத்தை (இங்கே புள்ளிக்குத் தரும் தொகையை) ஓர் அளவு வரை லாபத்திலிருந்து கழிக்கலாம். முதல் 6 லட்ச லாபத்தில் 90 சதவீதம், அதற்கு மேற்பட்ட லாபத்தில் 60 சதவீதம். மேலே சொன்ன குழுவுக்குக் கையிருப்பையும் சேர்த்து வருஷ லாபம் 14,16,000. கழிக்கக்கூடிய ஊதியம் 10,29,600. மீதி 3,86,400-க்கு வரி சுமார் 1,20,500. கையிருப்பில் சேரும் 2,16,000-இல் பாதிக்கு மேல் இதற்கே போய்விடும், அதைத் தொட்டுச் செலவழிக்காதீர்கள். புள்ளி விகிதமும் ஊதியச் சூத்திரமும் பத்திரத்தில் இருந்தால்தான் இந்தக் கழிவு நிற்கும். 2025 ஏப்ரல் முதல், ஒரு பங்குதாரருக்கு வருஷத்தில் 20,000-க்கு மேல் ஊதியம் போனால் 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்கவும் வேண்டும்.

ஜிஎஸ்டி எல்லை சேவைகளுக்கு ஒரு நிதியாண்டில் 20 லட்சம். அது லாபத்தை வைத்தல்ல, மொத்த வரவை வைத்து. ஏப்ரலில் தொடங்கி மாதம் 1,80,000 என்றால் பன்னிரண்டாவது மாதம் 21,60,000 ஆகித் தாண்டிவிடும். அதன்பின் 6,000-த்துக்குள்ளேயே 18 சதவீதத்தை அடக்கினால் ஒரு மாணவருக்கு 915 ரூபாய் குறையும். எனவே பத்தாவது மாதமே புதிய கட்டணத்தை அறிவித்துவிடுங்கள்.

பங்குதாரராக யாரை எடுப்பது என்பதற்கும் எழுத்தில் வழி வேண்டும். மாணவர்களுக்குப் பங்கு கிடையாது. இரண்டு பேட்ச் முடித்தவர் மூன்று மாதம் புள்ளிக்கு வேலை செய்யட்டும், பிறகு மற்றவர்கள் சம்மதித்தால் பத்திரத்தில் சேரட்டும். விலகுகிறவர் பதிவு செய்த பாடங்களைக் குழு தொடர்ந்து பயன்படுத்தினால், முதல் ஆறு மாதம் பாடத்துக்கு மாதம் 2 புள்ளி, அடுத்த ஆறு மாதம் 1 புள்ளி, அதன்பின் பாடம் குழுவுக்கே சொந்தம். அவர் விரும்பினால் தன் பிரதியை வேறிடத்தில் விற்றுக்கொள்ளலாமா என்பதையும் முதல் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.