ஊசி தாங்கும் கையுறை: பிரிப்பு மேசையில் இரண்டேகால் ஆண்டு

மதுரைக்குக் கிழக்கே, விரகனூர் சுற்றுச்சாலையை ஒட்டிய ஓர் உலர்கழிவுப் பிரிப்புக் கூடத்தில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் வரும் உலர்ந்த குப்பையைப் பால் கவர், அட்டை, பெட் பாட்டில், இரும்பு, கண்ணாடி என்று கையால் பிரிப்பதுதான் எங்கள் தொழில். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர் இருக்கிறோம். அவர்களில் ஒன்பது பேர் பெண்கள். கணக்கு வேலை போக, நாள்தோறும் நான்கு மணி நேரமாவது நானும் பிரிப்பு மேசையில் நிற்கிறேன். கடந்த 27 மாதங்களாக நாங்கள் அணிந்துவரும் ஊசி தாங்கும் கையுறைகளைப் பற்றி, வாங்க நினைப்பவர்களுக்கும் வாங்கித் தரக் கடமைப்பட்டவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்பு எங்களிடம் இருந்தவை ஆரஞ்சு நிற ரப்பர் கையுறைகள். ஈரத்தையும் அழுக்கையும் அவை தடுக்கும். ஊசிக்கு முன்னால் அவை வெறும் காகிதம். எங்களில் மூத்தவரான ஓர் அக்கா, முடிச்சுப் போட்ட கறுப்பு கவர் ஒன்றை அவிழ்க்கும்போது உள்ளே இருந்த சிரிஞ்சு ஊசி அவருடைய ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. அவர் விரலை அழுத்தி இரத்தத்தைப் பிதுக்கிவிட்டு, சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். மாலையில் கை கழுவும் இடத்தில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அன்றிரவே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். யார் உடம்பில் ஏறிய ஊசி என்பது தெரியாததால், எச்.ஐ.வி. தொற்றைத் தடுப்பதற்கான மாத்திரைகளை 28 நாள்கள் விழுங்க வேண்டியிருந்தது. குமட்டலும் தலைச்சுற்றலும் ஒரு பக்கம். ஆறு மாதம் வரை மீண்டும் மீண்டும் இரத்தப் பரிசோதனைக்குப் போய்வந்த பயம் இன்னொரு பக்கம். "வீட்டுல ஒரே டம்ளர்ல தண்ணி குடிக்கக்கூட பயமா இருக்கு" என்று அவர் சொன்னது இன்றும் என் காதில் நிற்கிறது. அப்படியெல்லாம் தொற்றாது என்று மருத்துவர் சொல்லியும் அவர் மனம் ஆறவில்லை. முடிவுகள் எல்லாம் நல்லபடியாக வந்தன. ஆனால் அந்த ஆறு மாதத்தை அவருக்குத் திருப்பித் தர யாராலும் முடியாது.

அப்போது மருத்துவமனையில் எங்களுக்கு விளக்கிச் சொன்ன கணக்கை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் 3. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி கிருமி என்றால் நூற்றில் ஏறத்தாழ 2. ஹெபடைட்டிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு நூற்றில் 6 முதல் 30 வரை. நாங்கள் எல்லோரும் எச்.ஐ.வி.யை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தோம். உண்மையில் எங்கள் தொழிலில் அதிகம் அஞ்ச வேண்டியது மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைட்டிஸ் பி. உடம்புக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில்கூட அது குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். எங்கள் கூடத்துக்கு வரும் மூட்டைகள் பெரும்பாலும் அதற்குள்ளேயே பிரிக்கப்பட்டுவிடும்.

கையுறை தேடத் தொடங்கியபோது முதலில் ஏமாந்தோம். கடைக்காரர் காட்டிய ஒரு சோடியின் மேல் சுத்தியல் படம் போட்ட கேடயமும், அதன் கீழ் நான்கு எண்களும் ஓர் எழுத்தும் இருந்தன. அது ஈ.என். 388 என்ற ஐரோப்பியத் தரக்குறி. நான்காவது எண்தான் குத்துதலைத் தாங்கும் அளவு. அதில் மிக உயர்ந்த மதிப்பான 4 இருந்ததால் நம்பி வாங்கினோம். பிறகுதான், அந்தச் சோதனையை மருத்துவ ஊசியால் செய்வதில்லை, முனை மழுங்கிய ஆணி போன்ற எஃகுக் கம்பியால் செய்கிறார்கள் என்பது தெரிந்தது. ஆணியைத் தாங்கும் துணியின் இழைகளுக்கு நடுவே ஊசி வழி கண்டுபிடித்து நுழைந்துவிடும். ஊசிக்கென்று தனிச் சோதனை இருக்கிறது: ஏ.எஸ்.டி.எம். எப் 2878. அமெரிக்கத் தரமான ஆன்சி 105-இன் 2016 பதிப்பு, 25 கேஜ் ஊசியைக் கொண்டு 1 முதல் 5 வரை படிநிலை வகுத்தது. கேஜ் என்பது ஊசியின் தடிமனைக் குறிக்கும் எண்; எண் கூடக்கூட ஊசி மெல்லியது. முதல் நிலைக்கு 2 நியூட்டன், ஐந்தாம் நிலைக்கு 10 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். 10 நியூட்டன் என்பது சுமார் ஒரு கிலோ எடை அழுத்துவது போல. ஈ.என். 388-இல் நான்காம் நிலைக்கு 150 நியூட்டன். அதாவது 15 கிலோ. இரண்டு எண்களையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு வாங்குபவர் எங்களைப் போலவே ஏமாறுவார். விற்பவரிடம் "ஊசிச் சோதனையில் எத்தனை நியூட்டன், எந்த கேஜ் ஊசி?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம்.

இரண்டாவது முறை வாங்கியது, உள்ளங்கையிலும் விரல் நுனிகளிலும் மிக நெருக்கமாக நெய்த அராமிட் (கெவ்லார் போன்ற வலுவான செயற்கை இழை) துணியைப் பல அடுக்காக வைத்துத் தைத்த கையுறை. ஊசிச் சோதனையில் ஐந்தாம் நிலை. சோடிக்கு நாங்கள் கொடுத்த விலை 2,800 ரூபாய். ரப்பர் கையுறையின் விலையோடு ஒப்பிட்டு உரிமையாளர் தயங்கினார். வாழைத்தண்டு ஒன்றின் மேல் கையுறையைச் சுற்றி, மருந்துக்கடையில் வாங்கிய புது ஊசிகளால் அவர் கண் முன்னாலேயே குத்திக் காட்டினேன். ரப்பர் கையுறையில் ஊசி நுழைந்ததே கைக்குத் தெரியவில்லை. புதியதில், தடித்த 21 கேஜ் ஊசி துணியை அமுக்கிக் குழியாக்கி நின்றது. இன்னும் அழுத்தியபோது சறுக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஆனால் சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசி வேறு மாதிரி. 31 கேஜ் ஊசியின் தடிமன் கால் மில்லிமீட்டர்தான். சாய்த்துக் குத்தியபோது வளைந்துபோனது. நேராக வைத்து நிதானமாக அழுத்தியபோது உள்ளே போய், வாழைத்தண்டில் ஒரு துளி நீர் கசிந்தது. கையுறையின் பலத்தையும் அதன் எல்லையையும் அந்த ஒரு துளியில் நாங்கள் அன்றே பார்த்துவிட்டோம். அதே ஊசிதான் இன்று வீட்டுக் குப்பையில் எங்களுக்கு அதிகம் வருகிறது.

முதல் இரண்டு மாதங்கள் மிகவும் சிரமமாக இருந்தன. பால் கவரையும் மசாலாக் கவரையும் கண்ணால் பாராமலே தொட்டுப் பிரித்தவர்களுக்கு விரல் நுனியின் உணர்வு மரத்துப்போனது போல் ஆகிவிட்டது. வேலை வேகம் குறைந்தது. கத்திரி வெயிலில், தகரக் கூரையின் கீழ், கையுறைக்குள் வியர்வை தேங்கி விரலிடுக்கில் புண் வந்தது. "ஊசி எப்பவாச்சும் குத்தும், இது தெனமும் குத்துதுக்கா" என்று ஒரு பெண் கழற்றி வைத்துவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மெல்லிய பருத்தி உள்ளுறைகளை ஆளுக்கு நான்கு சோடி வாங்கி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் செய்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. மணிக்கு ஐந்து நிமிடம் கையுறையைக் கழற்றி வைக்க அனுமதித்ததும் உதவியது. இந்த உள்ளுறைச் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்காவிட்டால் பெரிய செலவும் வீண்.

அளவைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். முதலில் எல்லோருக்கும் 9-ஆம் எண்ணை வாங்கிவிட்டோம். பெண்களின் விரல் நுனிக்கு அப்பால் அரை அங்குலம் காலியாகத் தொங்கி, கம்பிகளில் மாட்டிக்கொண்டது. கையுறையின் எண் என்பது, கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி அளந்தால் வரும் அங்குலம்தான். தையல்காரரின் டேப்பை வைத்து ஒவ்வொருவரையும் அளந்தபோது எங்கள் பெண்களில் ஆறு பேருக்கு 7 போதுமாக இருந்தது. அந்த அளவு உடனே கிடைக்கவில்லை. ஏழு வாரம் காத்திருந்தோம்.

இந்த 27 மாதங்களில் ஊசி கையுறையில் பட்டு நின்றதை, அல்லது துணியில் தொங்கியதை, எங்களில் ஒவ்வொருவரும் பலமுறை பார்த்திருக்கிறோம். தோலைத் துளைத்தது இரண்டு முறை. முதல் முறை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சவ்வுப் பகுதியில். அங்கே பாதுகாப்பு அடுக்கே இல்லை, வெறும் பின்னல் துணிதான். கையுறை முழுவதும் ஊசியைத் தாங்கும் என்று அதுவரை நினைத்திருந்தோம். இரண்டாவது முறை எனக்கு நேர்ந்தது. மூட்டையில் இடம் பண்ணுவதற்காக உள்ளங்கையால் ஓங்கி அமுக்கினேன்; கீழே ஒரு பாட்டிலின் வாயில் நட்டுக்கொண்டு நின்ற இன்சுலின் ஊசி அடுக்குகளைக் கடந்து வந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளங்கையில் கடுகளவு சிவப்புப் புள்ளி. பிதுக்காமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் இருந்தேன். தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது அந்த அக்காவின் அனுபவத்தில் நாங்கள் கற்றது.

குப்பையில் தளர்வாகக் கிடக்கும் ஊசி, கை பட்டதும் விலகிப் போகும். அப்போது கையுறை நன்றாகவே காக்கிறது. எதிலாவது ஊன்றி நிற்கும் ஊசியின் மேல் நம் உடல் எடை இறங்கும்போது எந்தக் கையுறைக்கும் தாங்கும் சக்தி மிஞ்சுவதில்லை. அதனால் மூட்டையை அமுக்குவதையும் உள்ளே கைவிட்டுத் துழாவுவதையும் நிறுத்திவிட்டோம்; மேசையில் கவிழ்த்துப் பரப்பி, நீளக் கிடுக்கியால் கிளறிப் பார்த்த பிறகே கை வைக்கிறோம்.

பராமரிப்பில் நான் செய்த பெரிய தவறு ஒன்று உண்டு. கிருமி சாகட்டும் என்று பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்து, கூரைத் தகரத்தின் மேல் வெயிலில் காயப்போட்டேன். சில மாதங்களில் மஞ்சள் துணி பழுப்பேறி, ஓரங்களில் இழை பிரிந்து தூளாக உதிர்ந்தது. அராமிட் இழைக்குக் குளோரினும் ஆகாது, சூரியனின் புற ஊதாக் கதிரும் ஆகாது. மூன்று சோடிகள் அப்படி வீணாயின. இப்போது சாதாரண சோப்புத் தூளில் குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் தொங்கவிடுகிறோம். இப்படிக் காத்தால் எங்கள் வேலைக்கு ஒரு சோடி 10 முதல் 12 மாதம் வரை வருகிறது. முதலில் தேய்வது ஆள்காட்டி விரலின் நுனி.

கையுறை வந்ததால் மற்றவற்றை விட்டுவிடவில்லை. பதினொரு பேரும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று தவணையும் போட்டு முடித்தோம். என்னைக் கேட்டால், கையில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் தடுப்பூசி, பிறகு கையுறை. கிடைக்கும் ஊசிகளை மூடி திருகும் கனமான வெள்ளைக் கேனில் கிடுக்கியால் போட்டு, மருத்துவக் கழிவு எடுப்பவர்களிடம் தருகிறோம். வீட்டில் பயன்படுத்திய ஊசியைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டிய வீட்டு அபாயக் கழிவு என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், தீர்ந்துபோன சோப்புத் திரவ பாட்டில் போன்ற கெட்டியான ஒன்றில் ஊசிகளைச் சேர்த்து, மூடியை இறுக்கி, மேலே "ஊசி" என்று எழுதித் தனியாகக் கொடுத்தால், எங்கள் கையுறைக்கு வேலையே பாதியாகக் குறையும்.

இப்போது மூன்றாவதாக வேறொரு வகையை வாங்கப்போகிறோம். விரலிடுக்கிலும் புறங்கையிலும் பாதுகாப்பு அடுக்கு உள்ள வகையைக் கேட்டிருக்கிறோம். அது இன்னும் கனமாக இருக்கும் என்பதால் முதலில் இரண்டு சோடி மட்டும், 7-ஆம் எண்ணில். தேய்ந்த பழைய கையுறைகளின் விரல்களைக் கத்தரித்துவிட்டே தூக்கி எறிகிறோம். அப்படியே போட்டால், பார்க்க நன்றாக இருக்கிறதென்று யாராவது எடுத்து மாட்டிக்கொண்டு, அதை நம்பிக் குப்பையில் கை வைத்துவிடுவார்கள்.